இருநூற்றுப் பன்னிரண்டாம் சோதனை

புதன்கிழமை காலை பத்தே முக்கால் மணிக்கு இருநூற்றுப் பன்னிரண்டாம் சோதனை சிவப்பாயிற்று. சிவப்பாவது அதற்குப் புதிதன்று. ஆனால் அன்று அடுத்தடுத்து மூன்று முறையும் சிவப்பாகி, திரையின் மேல் ஓரத்தில் இருக்கும் பெரிய வட்டத்தையும் சிவப்பாக்கிவிட்டது. அந்த வட்டம் சிவப்பாக இருக்கும்வரை எங்கள் அலுவலகத்திலிருந்து எதுவும் வெளியே போகாது. மறுநாள் பிற்பகல் இரண்டு மணிக்கு ஒரு பெரிய வார இதழ் தன் பக்கங்கள் அனைத்தையும் எங்கள் தளத்துக்கு மாற்றிக்கொள்வதாக இருந்தது.

எங்கள் தொழிலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எழுதுகிறவர்கள் தங்கள் எழுத்தை இணையத்தில் வெளியிட நாங்கள் இடம் தருகிறோம். எழுதி வரைவாக வைத்துக்கொள்ளலாம். ‘முன்பார்வை’ என்ற பொத்தானை அழுத்தி, வெளியானால் எப்படித் தோன்றும் என்று தாம் மட்டும் பார்த்துக்கொள்ளலாம். மனம் வந்தால் ‘வெளியிடு’ என்பதை அழுத்தலாம். இவையெல்லாம் ஒழுங்காக நடக்கின்றனவா என்று முன்பு நான் ஒவ்வொன்றாகக் கையால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் மென்பொருளின் ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் இரண்டு நாள் பிடிக்கும். ஏழு மாதங்களுக்கு முன், அந்த வேலையைக் கணினியே செய்யும்படி எழுதித் தரச் சொன்னார்கள். முந்நூற்று நாற்பது சோதனைகளை எழுதினேன். யாரும் தொடாமலே பிரவுசர் திறக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒரு பொம்மை மனிதர் கடவுச்சொல் கொடுப்பார், எழுதுவார், அழிப்பார், வெளியேறுவார். பதினொரு நிமிடத்தில் எல்லாம் முடிந்து வட்டம் பச்சையாகும். அந்தப் பச்சையைப் பார்க்கும்போது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை வெளியே சொல்லக் கூச்சமாக இருக்கும். அக்காவிடம் மட்டும் சொல்வேன்.

இருநூற்றுப் பன்னிரண்டாம் சோதனை மிக எளியது. முதல் பொம்மை மனிதர் எழுத்தாளராக உள்ளே போய், ஒரு வரைவு எழுதி, முன்பார்வையை அழுத்துவார். இரண்டாவது பொம்மை மனிதர் முன்பின் தெரியாதவராக வந்து அதே எழுத்தாளரின் முகப்புப் பக்கத்தைத் திறப்பார். அங்கே அந்த வரைவு இருக்கக் கூடாது. அவ்வளவுதான்.

மூன்று வாரங்களாக இந்தச் சோதனை காரணமில்லாமல் சிவப்பாவதும், மறுபடி ஓட்டினால் பச்சையாவதுமாக இருந்தது. எங்கள் தலைமை நிரலாளர் அதற்கு ‘முசுடு’ என்று பெயர் வைத்தார். அவருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் ‘அவசரம்’. அவர் அனுப்பும் செய்தி எதுவும் அந்தச் சொல் இல்லாமல் தொடங்கியதில்லை. எனக்கு அவர் வைத்திருந்த பெயர் ‘தயவுசெய்து’. அதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

“அது முசுடுங்க. இன்னைக்கு ஒரு முகம், நாளைக்கு ஒரு முகம். மூணு தடவை ஓடட்டும், அதுல ஒண்ணு பச்சையா வந்தாலும் பச்சைன்னு எடுத்துக்கச் சொல்லி ஒரு வரி போட்டுடுங்க. உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி” என்று அவர் சொல்ல, நான் அந்த வரியைச் சேர்த்தேன். மற்ற இடங்களிலும் அப்படிச் செய்வதுண்டு என்று படித்திருந்தேன். அதன் பிறகு வட்டம் பெரும்பாலும் பச்சையாகவே இருந்தது. இரண்டு முறை மட்டும் சிவப்பாயிற்று. இரண்டு முறையும் மறுபடி ஓட்டி, கடந்து போனோம்.

புதன்கிழமையும் அவர் அதையேதான் சொன்னார். தம் இருக்கையிலிருந்து எழவும் இல்லை.

“இன்னொரு தடவை ஓட்டுங்க, தயவுசெய்து அவர்களே.”

ஓட்டினேன். பதினொரு நிமிடம் கழித்து வட்டம் பச்சையாயிற்று. அவர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டார். எனக்கு மட்டும் இருப்புக் கொள்ளவில்லை. தண்ணீர் குடிக்கப் போனேன். பாட்டிலை நிரப்பிக்கொண்டு வந்து, குடிக்காமலே வைத்தேன். அக்காவின் நினைப்பு வந்துவிட்டது.

அக்கா ஒரு மருந்துக் கடையில் மருந்தாளுநர். பழைய துணிகளை வெட்டித் தைத்துப் புதிதாக்குவது பற்றி எங்கள் தளத்தில் ஒரு பக்கம் நடத்துகிறாள். நான்தான் தொடங்கிக் கொடுத்தேன். இருநூறு பேர் படிக்கிறார்கள். அதில் முதல் ஆள் அத்தான். காலையில் எழுந்ததும் பல் துலக்கிக்கொண்டே மனைவியின் பக்கத்தைத் திறந்து பார்ப்பவர். இரண்டு மாதங்களுக்கு முன் அக்கா, யாரிடமும் சொல்லாமல், வேறோர் ஊரில் இரண்டு ஆண்டு மேற்படிப்புக்கு விண்ணப்பித்து, இடமும் வாங்கிவிட்டாள். சேர்வதா இல்லையா என்று இந்த மாதக் கடைசிக்குள் பதில் எழுத வேண்டும். அத்தானிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், அவருக்கு ஒரு கடிதத்தை எங்கள் தளத்திலேயே எழுதி எழுதி வரைவாக வைத்துக்கொண்டிருந்தாள்.

“ஒன்பது வரைவு ஆச்சுடி. ஒண்ணுலயும் சரியா வரலை. இதை வேற யாரும் பாக்க மாட்டாங்கல்ல?” என்று போனில் கேட்டாள்.

“நீ வெளியிடுன்னு அழுத்தற வரைக்கும் யார் வந்தாலும் பாக்க முடியாதுக்கா. முடியாதுன்னு பாத்துக்கறதுதான் என் வேலையே. நான் பொறுப்பு.”

அப்படித்தான் சொன்னேன். அந்த ‘நான் பொறுப்பு’ இப்போது நாற்காலியில் முள்ளாகக் குத்தியது.

மூன்று முறை ஓட்டும் அந்த வரி விளைவை மறைக்குமே தவிர, பதிவேட்டை மறைக்காது. ஒவ்வொரு முயற்சியும் அங்கே எழுதப்பட்டிருக்கும். மூன்று வாரப் பதிவையும் எடுத்து, ஒரு தாளில் கோடு போட்டு எண்ணினேன். நூற்று ஒன்பது முயற்சிகளில் முப்பத்தேழு சிவப்பு. ஏறத்தாழ மூன்றில் ஒன்று. நம்பாமல், இருநூற்றுப் பன்னிரண்டை மட்டும் தனியாக முப்பது முறை ஓட்டினேன். பத்து சிவப்பு. முசுடாக இருந்தால் ஒரு நாள் அதிகமாகவும் ஒரு நாள் குறைவாகவும் அல்லவா இருக்க வேண்டும். இது நாள் தவறாமல் வேலைக்கு வருகிற ஆளைப் போல ஒழுங்காக இருந்தது.

அதற்கு மேல் உட்கார முடியவில்லை. என் பெயரில் எங்கள் தளத்தில் ஒரு பக்கம் உண்டு. இரண்டு கட்டுரைகளோடு நின்றுபோனது. அலுவலகக் கணினியில் அதற்குள் போய், ‘இது யாருக்கும் இல்லை’ என்று ஒரு வரைவு எழுதி, முன்பார்வையை அழுத்தினேன். பிறகு என் கைப்பேசியில், உள்ளே நுழையாமல், வெளியாள் போல என் முகப்பைத் திறந்தேன். வரைவு இல்லை. ஒரு நிமிடம் பொறுத்து மறுபடியும் செய்தேன். இல்லை. மூன்றாவது முறை கட்டுரைகளுக்கெல்லாம் மேலே, தடித்த எழுத்தில், ‘இது யாருக்கும் இல்லை’ என்று இருந்தது.

கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன். யாராவது பார்த்துவிடுவார்களோ என்பது போல. பிறகு அதைத் திருப்பி, படம் பிடித்துக்கொண்டு, அவசரத்தின் மேசைக்குப் போனேன்.

“மன்னிக்கணும். ஒரு நிமிஷம் இதைப் பாக்கறீங்களா?”

“ரிலீசுக்கு முந்தின நாள் ஒரு நிமிஷம்னு ஒண்ணு கிடையாதுங்க” என்றபடி பார்த்தார். “என்னது இது?”

“என் வரைவுங்க. இது என் போன். நான் உள்ளே போகலை.”

“லாகவுட் பண்ண மறந்திருப்பீங்க.”

“இல்லைங்க. இந்த போன்ல நான் ஒரு நாளும் லாகின் பண்ணதில்லை.”

அவர் கைப்பேசியை வாங்கிப் பார்த்தார். பிறகு தம் திரையில் எதையோ தேடினார். மூன்று வாரம் பின்னோக்கிப் போனார்.

“பக்கம் சீக்கிரம் தெறக்கணும்னு நகல் எடுத்து வைக்கற வேலை ஒண்ணு பண்ணேன், ஞாபகம் இருக்கா?” என்றார் மெதுவாக. “யாராவது முகப்பைத் தெறந்தா அதை நகல் எடுத்து, அடுத்து வர்றவங்களுக்கு ஒரு நிமிஷம் அதையே காட்டும். முன்பார்வையை அழுத்தினாலும் உள்ளுக்குள்ள முகப்பு ஒரு தடவை தெறக்கும். எழுதறவங்க கண்ணுக்கு எப்படித் தெரியுமோ அப்படி, வரைவோட சேத்து. அதையும் நகல் எடுத்துட்டு இருந்திருக்கு.”

“அப்போ எப்பவும் தெரியணுமே?”

“பக்கத்தை அனுப்பற சர்வர் மூணு இருக்கே. எழுதறவரும் வர்றவரும் ஒரே சர்வருக்குப் போனாத்தான் தெரியும். மூணுல ஒரு வாய்ப்பு.” நாற்காலியில் சாய்ந்தார். “மூணு வாரமா ஒரு டெஸ்ட்கூடச் சொல்லலையேங்க.”

“சொல்லிச்சுங்க” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, மறுபடியும் சொன்னேன். “முதல் நாள்லேர்ந்தே சொல்லிச்சு. நான்தான் அதோட வாயைப் பொத்தினேன்.”

“போடச் சொன்னது நான்.”

“போட்டது நான்.”

பிறகு அவர் நகல் எடுக்கும் வேலையை அந்தக் கணமே நிறுத்தினார். பக்கங்கள் மெதுவாகத் திறக்கத் தொடங்கின. நாங்கள் இருவரும் மேடத்தின் அறைக்குப் போனோம்.

மேடம் நிறுவனத்தின் உரிமையாளர். இதழ்க்காரர்களுடன் பேச வேண்டியவற்றை எழுதிக்கொண்டிருந்தார். நாங்கள் நின்றுகொண்டே சொன்னோம். அவசரம் நகலைப் பற்றிச் சொன்னார்; நான் அந்த வரியைப் பற்றிச் சொன்னேன். சொல்லும்போது, “ஒருவேளை, ஓரளவுக்கு, என் பக்கத்திலும் ஒரு சிறிய…” என்று இழுத்தேன்.

“பூசி மெழுகாதீங்க. உங்களுக்குத் தெரிஞ்சு பண்ணீங்களா, தெரியாம பண்ணீங்களா?”

“சிவப்பு வருதுன்னு தெரியும் மேடம். ஏன்னு கேக்கலை.”

அவர் பேனாவை மூடி வைத்தார். “எத்தனை பேரோட வரைவு வெளிய போயிருக்கு?”

அது எங்களுக்குத் தெரியவில்லை. எந்த முன்பார்வைக்குப் பின் ஒரு நிமிடத்துக்குள் அதே சர்வருக்கு வேறொருவர் வந்தார் என்று பதிவேட்டில் தேட வேண்டும்.

“தேடுங்க. பட்டியல் வந்ததும் அத்தனை பேருக்கும் நாலு மணிக்குக் கடிதம் போகணும். எல்லாருக்கும் ஒரே நேரத்துல. அதுவரைக்கும் வெளிய யாருகிட்டயும் பேச்சு வேணாம். இதழ்க்காரங்ககிட்ட நான் பேசிக்கறேன்.”

தேடும் வேலை நாற்பது நிமிடம் ஓடியது. திரையில் ஒரு கோடு இடமிருந்து வலமாக நகர்ந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தால் நகராதது போல் இருந்தது. பார்க்காவிட்டால் என்ன ஆயிற்றோ என்று இருந்தது. மூன்று முறை மாடிப்படி இறங்கி ஏறினேன். கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் மேடம் போனைக் காதில் வைத்துக்கொண்டு அறையின் நீளத்துக்கு நடந்துகொண்டிருந்தார். சாப்பாட்டு வேளை வந்தது. என் பெட்டியைத் திறந்து, மூடினேன்.

“உங்க நடையைப் பாத்தா எனக்குக் கால் வலிக்குது. உக்காருங்க” என்றார் அவசரம்.

“எங்க அக்கா நம்ம தளத்துலதான் எழுதறாங்க.”

“அதனால என்ன? நல்லாத்தானே எழுதுவாங்க?”

நான் மறுபடியும் மாடிப்படிப் பக்கம் போனேன்.

பட்டியல் வந்தது. நாற்பத்தொரு பேர். இருபத்தேழாவது வரியில் அக்காவின் பக்கம் இருந்தது. பதினாறு நாட்களுக்கு முன், காலை ஆறு மணி நாற்பத்தொன்பது நிமிடத்துக்கு முன்பார்வை. ஆறு ஐம்பதுக்கு வெளியாள் ஒருவர் முகப்பைத் திறந்திருக்கிறார். வந்தவரின் இணைப்பு எண்ணையும், வரைவு எழுதப்பட்ட இணைப்பு எண்ணையும் ஒப்பிட்டேன். இரண்டும் ஒன்று, ஒரே வீட்டு இணையம். அந்த வீட்டில் இருப்பது இரண்டே பேர். காலை ஆறு ஐம்பதுக்கு அத்தான் பல் துலக்குவார்.

மேடத்தின் கதவைத் தட்டினேன். “மேடம், நாலு மணிக்கு முன்னாடி ஒரே ஒரு போன் பேச அனுமதி வேணும். பட்டியல்ல எங்க அக்கா இருக்காங்க. நான் அவங்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்.”

அவர் போனைக் கீழே வைத்தார். “பேசுங்க. ஆனா ஒண்ணு. உங்க அக்காகிட்ட என்ன சொல்றீங்களோ, அதையேதான் மத்த நாப்பது பேருக்கும் எழுதணும். அக்காவுக்கு ஒண்ணு, ஊருக்கு ஒண்ணுன்னு இருக்கக் கூடாது.”

மாடிப்படியின் திருப்பத்தில் நின்றுகொண்டு அழைத்தேன்.

“என்னடி, வேலை நேரத்துல?”

“அக்கா, உக்காந்திருக்கியா?”

“மருந்துக் கடையில எங்கடி உக்கார விடறாங்க. சொல்லு.”

“உன் வரைவை யாரோ பாத்திருக்காங்க. எங்க தப்பு. என் தப்பு. மூணு வாரமா அது தப்பா இருக்குன்னு என் சோதனை சொல்லிட்டே இருந்துச்சு, நான் கேக்கலை. பதினாறு நாளைக்கு முன்னாடி, காலையில ஆறு அம்பதுக்கு. உங்க வீட்டு இணைப்புலேர்ந்துதான்.”

எதிர்ப்பக்கம் யாரோ இருமல் மருந்து கேட்டார்கள். அக்கா விலை சொன்னாள். பில் அச்சாகும் ஓசை கேட்டது. பிறகு அவள் சற்றுத் தள்ளி வந்திருக்க வேண்டும், சத்தம் குறைந்தது.

“அது நான்தான்டி.”

“என்னது?”

“திரை விரிசல் விட்ட பழைய போன் ஒண்ணு அலமாரில கெடக்குல்ல. அதுல தெறந்து பாத்தேன். நீ அவ்வளவு உறுதியாச் சொன்னே. உன்னை நம்பாம இல்லை. பயம். நீ சொன்னது சரிதானான்னு ஒரு தடவை பாத்துடுவோம்னு. பாத்தா, பாவாடையை வெட்டித் தலையணை உறை தைக்கறதுக்கு மேலே ‘உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும்’னு கொட்டை எழுத்துல நிக்குது. கையும் ஓடலை, காலும் ஓடலை. அவர் குளியலறையில இருக்காரு.”

“அப்புறம்?”

“மறுபடி தெறந்தேன். காணோம். சரி, நான்தான் எதையோ தப்பா அழுத்திட்டேன்னு விட்டுட்டேன்.”

நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். “எங்கிட்ட ஏன்க்கா சொல்லலை?”

“சொன்னா நீ மூக்கைச் சிந்துவே. போன் எடுத்தா அந்தப் பச்சை வட்டம், பச்சை வட்டம்னு சொல்றே. அதுல போய் மண்ணைப் போடுவானேன்னு இருந்துட்டேன்.” கொஞ்சம் நிறுத்தினாள். “ஆனா விட்டுட்டேன்னு சொன்னாலும் மனசு விடலை. நாளைக்கு அவர் தெறக்கறப்ப மறுபடி வந்து நின்னா? அன்னைக்குச் சாயங்காலமே சொல்லிட்டேன். அவரா பாத்துத் தெரிஞ்சுக்கறதுக்கு என் வாயால வரட்டும்னு. ஒன்பது வரைவுல எழுதினது ஒரு வரி வரலைடி. ‘இடம் கெடைச்சிருக்கு, போகலாம்னு இருக்கேன்’. அவ்வளவுதான் வந்துச்சு.”

“அத்தான் என்ன சொன்னாரு?”

“எத்தனை வருஷம்னு கேட்டாரு. ரெண்டுன்னேன். எழுந்து போய்க் குழாயை இறுக்கி மூடினாரு. அது மூடித்தான் இருந்துச்சு. அன்னைலேர்ந்து சாப்பாடு, சாவி, மழை, இதைத் தவிர பேச்சு இல்லை.”

“அக்கா, என்னை மன்னிச்சிடு.”

“கோவம் இருக்குடி. இல்லைன்னு சொல்ல மாட்டேன். எனக்கு ஒரு மாசம் இருந்துச்சு, நல்லபடியாச் சொல்றதுக்கு. ஒரே சாயங்காலத்துல கொட்ட வேண்டியதாப் போச்சு. நல்லபடியாச் சொல்லியிருந்தாலும் குழாயைத்தான் மூடியிருப்பாரோ என்னவோ. தெரியாமலே போச்சு பாரு.”

“இனிமே அங்கே எழுத மாட்டே, இல்லையா?”

“துணிப் பக்கம் எழுதுவேன். மத்ததெல்லாம் நோட்டுல. பீரோவுல வெச்சுப் பூட்டிட்டேன்.”

“பூட்டு நல்லா இருக்கா?”

“இழுத்துப் பாத்துட்டுத்தான் வேலைக்கு வந்தேன்” என்றாள். சிரித்தாளா என்று தெரியவில்லை. “சரி, ஆள் நிக்கறாங்க. வெக்கறேன். அழாதே, போய் வேலையைப் பாரு.”

இருக்கைக்குத் திரும்பியபோது, அவசரம் கடிதத்துக்கு ஒரு முன்மாதிரி எழுதி வைத்திருந்தார். ‘சிறிய தொழில்நுட்பக் கோளாறு காரணமாக ஏற்பட்டிருக்கக்கூடிய சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்று தொடங்கியது. என்னைப் போல் எழுத முயன்றிருந்தார். நன்றி சொல்லிவிட்டு அதை அழித்தேன். ‘நீங்கள் வெளியிடாத எழுத்தை வேறொருவர் பார்க்கும்படி விட்டுவிட்டோம்’ என்று எழுதினேன். எந்த நாள், எத்தனை மணி, எந்த வரைவு என்று எழுதினேன். எங்கள் சோதனை அதை முதல் நாளிலிருந்தே காட்டியது என்றும், அதை நான் கேட்கவில்லை என்றும் எழுதினேன். மேடம் படித்துவிட்டு, ‘நான்’ என்பதை ‘நாங்கள்’ என்று மாற்றினார். வேறெதையும் தொடவில்லை. இதழ்க்காரர்கள் ஒரு வாரம் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்களாம்.

மூன்று முறை ஓட்டும் அந்த வரியை எடுத்தேன். சோதனைகளை ஓடவிட்டேன். நான்கு மணிக்கு நாற்பத்தொரு கடிதங்களும் போயின.

நான்கு மணி ஆறு நிமிடத்துக்கு முதல் பதில் வந்தது. பட்டியலில் மூன்றாவது வரியில் இருந்தவர். சமையல் குறிப்பு எழுதுகிறவர் என்றே அதுவரை அவரை அறிந்திருந்தேன். வணக்கம் இல்லை, பெயர் இல்லை. ‘யார் பார்த்தது?’ என்று மட்டும் கேட்டு, கீழே ஒரு தொலைபேசி எண் கொடுத்திருந்தார்.

என்னிடம் ஒரு நேரக் குறிப்பும் ஓர் இணைப்பு எண்ணும்தான் இருந்தன. யார் என்று அவை சொல்லா. அதை மரியாதையாக எப்படி எழுதுவது என்று பார்த்தேன். எழுதினேன், அழித்தேன். மறுபடி எழுதினேன். பிறகு அவர் கொடுத்த தொலைபேசி எண்ணைத் தாளில் குறித்துக்கொண்டு, கைப்பேசியோடு மாடிப்படிக்குப் போனேன்.